பெயர்த்த செடிக்கு வெட்டு எப்போது

போன்சாய்க்காக நிலத்திலிருந்து தோண்டி எடுக்கும் செடிக்கு வேரில் ஒரு காயம், கொப்பில் ஒரு காயம் என்று இரண்டு காயங்கள் விழுகின்றன. வேரில் விழுவதைத் தவிர்க்க வழியில்லை. தோண்டினால் வேர் அறும். கொப்பில் விழுவது அப்படியல்ல. அதை என்றைக்கு வைத்துக்கொள்வது என்பது வளர்ப்பவர் கையில் இருக்கிறது. தோண்டிய அன்றே கொப்பையெல்லாம் கழித்து, மொட்டை மூடாகச் சட்டியில் வைத்துவிட வேண்டும் என்பார் ஒரு சாரார். இலையோடு வைத்து, வேர் பிடித்து, ஒரு வருஷமாவது தழைத்த பிறகுதான் ரம்பத்தைத் தொட வேண்டும் என்பார் மறு சாரார். திருநெல்வேலிப் பக்கத்து வெயிலையும் காற்றையும் அங்கே கிடைக்கும் செடிகளையும் வைத்துப் பார்த்தால் இரண்டாவது கட்சிக்கே வலு அதிகம். முதல் கட்சி ஜெயிக்கும் இடங்களும் உண்டு. அவை எவை என்று பிரித்துப் பார்க்காததால்தான் நிறையச் செடிகள் பட்டுப்போகின்றன.

முதல் கட்சியின் கணக்கு எளிமையானது. தண்ணீரை உறிஞ்சுவது தடித்த வேரல்ல, அதன் நுனிகளில் இருக்கும் சல்லிவேர். தோண்டும்போது பெரும்பாலும் அறுந்து நிலத்திலேயே தங்கிவிடுவதும் அதுதான். மேலே இலைகள் பழைய அளவிலேயே நீரை ஆவியாக்கிக்கொண்டிருக்கும். கீழே வரத்து நின்றிருக்கும். ஆகவே வேர் போன பங்குக்குக் கொப்பையும் கழித்துவிடு என்கிறது இந்தக் கணக்கு. பழைய தோட்டக்கலை நூல்கள் பலவும் இதையே சொல்லிவந்தன. நெல் நாற்றை நடும்போது நுனியைக் கிள்ளும் வழக்கத்தைக்கூட இதற்குச் சான்றாகக் காட்டத் தோன்றலாம். அந்தக் கிள்ளல் நாற்றின் நுனியில் தண்டுத் துளைப்பான் இட்ட முட்டைக் குவியலை அகற்றுவதற்கானது. வேர்க் கணக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஊர் அனுபவமும் இந்தக் கணக்குக்குத் துணை நிற்பதுபோலத் தெரிகிறது. வேலிக்கருவையை எத்தனை முறை வெட்டினாலும் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாக எழும்புகிறது. முருங்கையைக் காய்ப்பு முடிந்ததும் ஒடித்துவிட்டால் புதுக்கொப்பு வருகிறது. வெட்டுப்பட்ட வேம்பும் புளியும்கூடத் துளிர்க்கின்றன. வெட்டினால் துளிர்க்கும் என்ற நம்பிக்கை இப்படித்தான் ஊறிப்போனது. ஆனால் இந்த மரங்களில் எல்லாம் வெட்டுப்பட்டது மேல்பாகம் மட்டும். வேர் முழுதாக நிலத்துக்குள் இருந்தது. அது சேமித்த மாவுப்பொருள் அப்படியே இருந்தது. நீர் வரத்துக்குக் குறைவில்லை. வேலிக்கருவையில் மறுபடி எழும்பும் மொட்டுகள் மண்மட்டத்தை ஒட்டியும் அதற்குச் சற்றுக் கீழும் மூட்டிலேயே இருக்கின்றன. அதனால்தான் அதை ஒழிக்க நினைப்பவர் அரிவாளை நம்பாமல் மூட்டோடு தோண்டிப் போடுகிறார். வெட்டினால் சாகாத செடி தோண்டினால் சாகிறது. போன்சாய்க்காரர் செய்வது தோண்டல். அவர் துணைக்கு அழைக்கும் அனுபவமோ வெட்டலைப் பற்றியது.

இலை செலவு மட்டும் செய்கிற உறுப்பு என்ற எண்ணத்திலும் கோளாறு இருக்கிறது. புது வேர் விடுவதற்கான உந்துதல் மேலிருந்துதான் வருகிறது. ஃபிரிட்ஸ் வென்ட் என்ற டச்சுத் தாவரவியலாளர் 1920-களின் பிற்பகுதியில், வளரும் நுனியில் சுரந்து கீழ்நோக்கி இறங்கும் ஒரு பொருள் இருப்பதைக் காட்டினார். ஆக்சின் என்று பெயர் பெற்ற அந்தப் பொருள் வேர் முளைப்பதைத் தூண்டுகிறது என்பது 1930-களில் அவரும் கென்னத் திமன் போன்றவர்களும் செய்த சோதனைகளில் தெளிவாயிற்று. நர்சரிகளில் பதியன் போடத் தொட்டு வைக்கும் வேர்ப்பொடி இந்த அறிவின் விளைவுதான். கொழுந்தும் இளம் இலையும் இந்தப் பொருளின் ஊற்று. முதிர்ந்த இலை வேருக்கு வேண்டிய சர்க்கரையைச் செய்து அனுப்பும் இடம். இரண்டையும் ஒரே நாளில் கழித்துவிட்டால் தண்ணீர்ச் செலவு குறைவது உண்மை. வேர் விடவேண்டிய காரணமும் அதற்கான பொருளும் கூடவே போய்விடுகின்றன. மிச்சம் இருப்பது தண்டிலும் தடித்த வேரிலும் ஒதுக்கி வைத்த மாவுப்பொருள் மட்டும்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்ல் விட்கோமும் உடனிருந்தவர்களும் 1970-களின் இறுதியை ஒட்டி இதைச் சோதித்தார்கள். வெறும் வேராக நட்ட மரங்களின் கொப்பை வெவ்வேறு அளவில் கழித்துப் பார்த்தபோது, கழித்தவை கழிக்காதவற்றைவிட அதிகம் பிழைக்கவில்லை. அந்த மரங்களுக்கு நீர் தவறாமல் போயிற்று என்பதையும் சேர்த்தே இந்த முடிவைப் படிக்க வேண்டும். கவனிப்பாரின்றி வரப்போரம் நட்டுவிட்டு வரும் கன்றுக்கு இது பொருந்தாமல் போகலாம். போன்சாய்ச் செடியோ வீட்டுக் கொல்லையில், தினமும் கண்ணில் படும் இடத்தில் வைக்கப்படுவது. அதன் நீர்ச் செலவைக் குறைக்க ரம்பத்தைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. பச்சை நிழல்வலையைக் கட்டலாம். காற்று அடிக்காத சுவரோரம் வைக்கலாம். காலையும் மாலையும் இலைமேல் தூவலாம். சிறிய செடியென்றால் பாலித்தீன் கூடாரம் போட்டு மூடலாம். பெரிய இலைகளைப் பாதியாகக் கத்தரித்தாலும் செலவு குறையும், கொழுந்து தப்பும். இத்தனையும் செய்த பிறகும் வாடினால்தான் கொப்பில் கைவைப்பது நியாயம்.

அப்படியானால் தோண்டிய அன்றே மொட்டையடித்தும் பிழைக்கிற செடிகள் எப்படிப் பிழைக்கின்றன? தாமிரபரணிப் பாசனத்தில் வாழை போடுகிற எவருக்கும் இது விளங்கும். தாய்மரத்தின் அடியிலிருந்து ஈட்டி இலைக் கன்றைப் பெயர்த்து, தண்டை ஒரு சாணுக்கு மேல் சீவித் தள்ளி, கிழங்கைச் சுற்றியுள்ள வேரையும் செதுக்கி, வெறும் கட்டையாகக் குழியில் வைக்கிறார்கள். மேலும் போயிற்று, கீழும் போயிற்று. ஆனாலும் அது முளைக்கிறது. அதன் சேமிப்பு அந்தக் கிழங்குக்குள் இருக்கிறது. ஆக, கேள்வி எவ்வளவு வெட்டுவது என்பதைவிட, வெட்டிய பிறகு செடியின் கையிருப்பு எங்கே மிஞ்சுகிறது என்பதுதான்.

ஆல், அரசு, இச்சி, அத்தி ஆகிய பால்மரங்கள் இந்த வகையில் வாழைக்கு அடுத்தபடி. இவற்றின் தண்டில் எந்த இடத்திலும் மொட்டு எழும்பும். எந்த இடத்திலும் வேர் இறங்கும். ஆலம் போத்தைக் கை கனத்துக்கு வெட்டி நட்டு மரமாக்கிவிட முடிவது இதனால்தான். போன்சாய்க்கு இவை கிடைக்கும் இடமும் தனி. பறவை எச்சத்தில் விழுந்த விதை கோபுரத்துச் சுதை இடுக்கிலும் மதிற்சுவரிலும் பாழுங்கிணற்றிலும் முளைத்து, மண்ணே இல்லாமல் வருஷக்கணக்கில் குறுகி நிற்கும். குடமுழுக்குக்கு முன்பு கோபுரத்தைச் சுத்தம் செய்கிறபோதும், உழவாரப் பணியின்போதும், பழைய காரைவீட்டை இடிக்கும்போதும் இவற்றை எப்படியும் பிடுங்கித்தான் ஆகவேண்டும். மூடு பெருத்து, வேர் சுவரின் மேல் தட்டையாகப் பரவி, கிழட்டு மரத்தின் தோற்றம் தானாகவே வந்திருக்கும். காசு கொடுத்தாலும் நர்சரியில் அப்படி ஒன்று கிடைக்காது. சுவருக்குள் போன வேரை இழுக்க முடியாது. கைக்கு வருவது ஒரு சாண் வேரும் ஒரு கட்டையும்தான். இங்கே தயங்க வேண்டியதில்லை. அன்றே வெட்டலாம், வேண்டிய உயரத்துக்கே வெட்டலாம். பால் வடிந்து நிற்கும்வரை நிழலில் போட்டு வைத்துவிட்டுப் பிறகு நட்டால் போதும்.

காகிதப்பூவும் அன்றே வெட்டத் தக்கதுதான். அதன் சல்லிவேர் மிக மெல்லியது, தொட்டாலே ஒடிவது. எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் அது மிஞ்சாது. கை கனத்த மூடு இருந்தால் இலை ஒன்றுகூட இல்லாமல் துளிர்க்கும். துளிர்த்த பிறகு அதை அசைத்தால் சாகும். புளியும் வெப்பாலையும் விடத்தலையும் பழைய கட்டையிலிருந்து நன்றாகத் துளிர்ப்பவை. நல்ல மழைக்காலத்தில், மூட்டைச் சுற்றிக் கொஞ்சமாவது சல்லிவேரும் மண்ணும் இருந்தால், மேல்பாகத்தில் பாதியைக் கழித்தாலும் தாங்கும். முழு மொட்டை என்பது பந்தயம்.

மெதுவாக வளர்கிற, கட்டை இறுகிய செடிகளில்தான் அவசரம் பெரும் நஷ்டத்தைத் தருகிறது. குருவிச்சி, காட்டெலுமிச்சை, காரை, பிராய் என்று குன்றடிப் புதர்க்காட்டில் ஆடு கடித்துக் கடித்துக் குறுகிக் கிடப்பவை போன்சாய்க்கு அருமையான செடிகள். இவற்றின் சேமிப்பு குறைவு. புது வேர் விட மாதக்கணக்கில் ஆகும். இவற்றில் இலை மிஞ்ச வேண்டும். குறுக்கே ஓடும் தேவையற்ற நீண்ட கொப்புகளின் நுனியைக் கழிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சவுக்கு இன்னும் பிடிவாதம். பச்சை இல்லாத கொப்பிலிருந்து அது திரும்பத் துளிர்க்கும் என்று நம்ப முடியாது. மொட்டையடித்த சவுக்குக் கொப்பு விறகாகிவிடலாம்.

எந்தச் செடியானாலும் பருவம் பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஜப்பானிய நூல்கள் குளிர்காலம் முடிந்து மொட்டு விரியுமுன் தோண்டச் சொல்லும். உறைபனிக்கும் இலையுதிர்வுக்கும் எழுதிய அந்தக் காலக்கணக்கை நெல்லைக்குப் பெயர்த்து நட முடியாது. இங்கே செடியைக் கொல்வது குளிரல்ல, வறட்சி. மாவட்டத்தின் சமவெளிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வருகிறது. பிசான நடவு நடக்கும் காலம். மண் ஊறியிருக்கும், காற்றில் ஈரம் இருக்கும், வெப்பம் வேர் வளரும் அளவுக்கு இருந்துகொண்டே இருக்கும். தோண்டுவதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. மாசியில் இலை மாற்றும் அத்தி, வெப்பாலை போன்றவற்றை மொட்டு விரியுமுன் எடுக்கலாம், ஆனால் அடுத்து வரும் சித்திரை வெயிலை அவை புது வேரோடு சந்திக்க வேண்டியிருக்கும். கத்திரியில் தோண்டுவது வேண்டாத வேலை.

ஆனி, ஆடியில் ஏமாற்றம் வேறு விதமானது. குற்றாலத்தில் சாரல் அடிக்கிறது, பாபநாசம் பக்கம் மேகம் கவிழ்ந்திருக்கிறது, வானமும் மந்தாரமாக இருக்கிறது என்று நம்பி வள்ளியூரிலோ நாங்குநேரியிலோ பாளையங்கோட்டைக்குக் கிழக்கிலோ தோண்டினால் செடி ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். மலையின் மழைமறைவில் இருக்கும் அந்தப் பக்கத்துக்குச் செங்கோட்டை, ஆரல்வாய்மொழி இடைவெளிகள் வழியே வந்து சேர்வது மழையல்ல, காற்று. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்காமல் சுற்றும் மாதங்கள் அவை. வேர் இல்லாத செடியின் இலையிலிருந்து அந்தக் காற்று எடுக்கும் நீரை எந்தப் பூவாளியும் ஈடுகட்டாது. அதே ஆனியில் அம்பாசமுத்திரத்திலும் கல்லிடைக்குறிச்சியிலும் மலையை ஒட்டிய தோட்டங்களில் துணிந்து தோண்டலாம். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் விதி மாறிவிடுகிறது.

தோண்டியதை உடனே ஆழமற்ற போன்சாய்த் தட்டில் வைப்பது இன்னொரு அவசரம். முதல் இரண்டு வருஷத்துக்கு அகன்ற வாயும் நல்ல துளையும் உள்ள பெரிய மண்தொட்டி போதும். காருகுறிச்சி மண்பாண்டக்காரர்கள் செய்யும் வகையே நன்றாகப் பயன்படும். கலவையில் நீர் தேங்கக் கூடாது. ஆற்றுமணலைத் தேடிப் போக வேண்டியதில்லை, தாமிரபரணியில் இதுவரை அள்ளியதே போதும். சலித்த செங்கல் உடைசலும் ஓட்டுச்சில்லும் அதைவிட நன்றாக வேலை செய்கின்றன. வைக்கும்போது மூடு ஆடாமல் கயிற்றால் தொட்டியோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். செடி ஆடினால் அன்றன்று விடும் வெள்ளை வேர்முனை அன்றன்றே அறுந்துபோகும்.

இனி பொறுக்க வேண்டிய காலம், பலர் தோற்பதும் இதில்தான். தோண்டிய சில வாரத்தில் மூடு முழுக்கத் துளிர்க்கும். பச்சையைப் பார்த்ததும் செடி பிழைத்துவிட்டது என்று எண்ணி, வேண்டாத துளிரைக் கிள்ளவும் கொப்பைக் குறைக்கவும் கை பரபரக்கும். அந்த முதல் துளிர்ப்புக்கு வேர் வேண்டாம். தண்டில் ஒதுக்கி வைத்த மாவுப்பொருளை வைத்தே அது நடக்கும். வெட்டிப் போட்ட பூவரசங்கட்டைகூட விறகுக் குவியலில் கிடந்தபடி துளிர்ப்பதுண்டு. கையிருப்பு தீரும் வரை தழைத்து, வெயில் ஏறும்போது ஒரே வாரத்தில் கருகும் செடிகளெல்லாம் இந்த வகை. துளிர்ப்பை நம்பாமல் வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். முதல் இலை முற்றிக் கரும்பச்சையாகி, அதன் பிறகு இரண்டாவது எழுச்சியில் வரும் கொப்பு சாண் நீளத்துக்குமேல் தொய்வின்றி ஓட வேண்டும். மூட்டைப் பிடித்து மெல்ல அசைத்தால் தொட்டியும் சேர்ந்து அசைய வேண்டும். தொட்டித் துளை வழியே வேர் எட்டிப் பார்த்தால் சந்தேகமே இல்லை. இந்த மூன்றும் சேரும்வரை ஒரு துளிரையும் கிள்ளக் கூடாது, அது எந்தக் கோணல் திசையில் வளர்ந்தாலும் சரி. அசிங்கமாக வளரட்டும். ஐப்பசியில் தோண்டிய செடிக்கு அடுத்த ஆவணிக்கு முன்பு இவை கூடிவருவது அரிது. குருவிச்சி போன்றவற்றுக்கு இன்னொரு வருஷமும் ஆகலாம்.

அதற்குப் பிறகுதான் பெரிய வெட்டு. இலை மாற்றுகிற மரங்களுக்கு மாசி. எப்போதும் பச்சையாக இருப்பவற்றுக்கு ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை, வரப்போகும் மழை துளிர்ப்பைத் தாங்கிக்கொள்ளும்படி. அந்த வருஷத்தில் வேரைத் தொடக் கூடாது, தொட்டியும் மாற்றக் கூடாது. வேண்டிய இடத்துக்கு இரண்டு மூன்று விரற்கடை மேலேயே வெட்ட வேண்டும். வெட்டு வாயிலிருந்து கட்டை சிறிது தூரம் காய்ந்துகொண்டு இறங்கும். எது வரை இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. புதுத்துளிர் எந்த மொட்டில் நிலைக்கிறது என்று பார்த்த பிறகு, மறு வருஷம் அதை ஒட்டிச் சாய்வாகச் சீவிக்கொள்ளலாம். வெட்டு வாயில் சாணமும் பசையும் அப்பும் வழக்கம் பரவலானது. மரத்தின் காயங்களை ஆயிரக்கணக்கில் பிளந்து பார்த்த அலெக்ஸ் ஷைகோ, பூச்சு எதுவும் உள்ளழுகலைத் தடுப்பதில்லை, மரம் தன் காயத்தைத் தானே உள்ளிருந்து சுவரெழுப்பி அடைத்துக்கொள்கிறது என்று 1970-களில் காட்டினார். அப்படி அடைக்கத் தெம்பு வேண்டும். வேர் பிடிக்காத செடியின் பெரிய காயம் வருஷக்கணக்கில் மூடாமல் கிடப்பதற்குக் காரணம் இதுதான். தழைத்து நிற்கும் செடியில் அதே காயத்தை மேல்தோல் விறுவிறுவென உருண்டு மூடுகிறது.

இந்தப் பொறுமை கிழக்கு ஆசியாவில் ஒரு மரபாகவே வளர்ந்திருக்கிறது. தென்சீனத்தில் குவாங்தோங் பக்கத்து லிங்னான் மரபினர் கம்பி கட்டி வளைப்பதைவிட வளரவிட்டு வெட்டுவதையே நம்புபவர்கள். ஒரு கொப்பு வேண்டிய பருமன் வரும்வரை ஓடவிட்டு, அடியோடு குறைத்து, அதிலிருந்து வரும் அடுத்த கொப்பையும் அவ்வாறே ஓடவிட்டுக் குறைப்பார்கள். அவர்கள் விரும்பி வளர்க்கும் செடிகளில் ஒன்று நெல்லைப் புதர்க்காட்டுக் குருவிச்சிதான். அவர்களது வெப்பமும் மழையும் நமக்கு ஜப்பானைவிட நெருக்கம். அங்கிருந்து கற்றுக்கொள்வதே அதிகம் பயன்படும்.

எல்லாவற்றிலும் மேலான முறை வரிசையைத் திருப்பிப் போடுவது. செடி சொந்த நிலத்தில் இருந்து, தோண்ட அவசரமில்லை என்றால், முதலில் வெட்டிவிடலாம், நிலத்திலேயே. வேலிக்கருவையைக் காப்பாற்றுகிற அதே வேர்பலம் இப்போது வளர்ப்பவருக்கு உதவும். மாசியில் கொப்பைக் குறைத்தால் வேண்டிய உயரத்தில் புதுக்கொப்பு வந்துவிடும். அடுத்த ஐப்பசியில் மூட்டைச் சுற்றிப் பாதி வட்டத்துக்கு மட்டும் பள்ளம் வெட்டி, அந்தப் பக்க வேரை அறுத்து, மணலும் மட்கும் கலந்து மூடி வைக்கலாம். அறுத்த இடத்தில் மூட்டை ஒட்டிச் சல்லிவேர் பொங்கும். அதற்கடுத்த வருஷம் மறுபாதி. மூன்றாம் வருஷம் தோண்டும்போது செடி தன் வேரைத் தானே கையோடு கொண்டுவரும். ஜப்பானில் பெரிய மரங்களைப் பெயர்ப்பவர்கள் நெடுங்காலமாகச் செய்துவரும் வேலை இது. மூன்று வருஷம் நீளம்தான். அவசரப்பட்டுத் தோண்டிப் பட்டுப்போன செடிக்குப் பதிலாக இன்னொன்றைத் தேடிப் பிடித்துத் தேற்றவும் அதே காலம் ஆகும்.

தோண்டுவதற்கு உரிய இடம் பட்டா நிலம், இடிபடும் கட்டடம், மனைப்பிரிவுக்காக அழிக்கப்போகும் புதர் ஆகியவைதான், அவையும் உரியவரிடம் கேட்டு. 1988-இல் புலிகள் காப்பகமான களக்காடு முண்டந்துறைக்குள்ளும் மற்றக் காப்புக்காடுகளிலும் ஒரு செடியைப் பெயர்ப்பதும் குற்றம். குன்றடிப் புதர்களில் நூறு வயதுக் காரை இருக்கலாம். அது அங்கேயே இருக்கட்டும். அந்த வகையில் உடைமரத்தையும் சேர்க்க வேண்டும். தேரிக்காட்டு ஓரங்களில் குடை விரித்ததுபோல நிற்கும் அந்தக் குடைவேல் இயற்கையாகவே போன்சாய் வடிவம் கொண்டது. பார்த்தவுடன் தோண்டத் தோன்றும். அதன் ஆணிவேர் மணலுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும், மூட்டருகே சல்லிவேர் இருக்காது. எப்போது வெட்டினாலும் எவ்வளவு இலை விட்டாலும் தோண்டிய உடை பிழைப்பது அபூர்வம். அதன் மேல் ஆசை வைத்தவர்கள் நெற்றைப் பொறுக்கி, விதையை ஊறவைத்து, சட்டியிலேயே முளைக்கப் போடட்டும்.